பெரிய பல்கலைக்கழகமா, சிறிய கல்லூரியா? பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். சாப்பாட்டு மேசையில் தேர்வு முடிவுத் தாள். அதன் பக்கத்தில் நான்கைந்து தனியார் கல்லூரிகளின் வண்ணக் கையேடுகள். கைத்தொலைபேசியில் கல்லூரிக்காரரின் அழைப்பு. "இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிந்துகொண்டால் பதிவுக் கட்டணத்தில் பாதிதான், மடிக்கணினி இலவசம்" என்கிறார். யூ.பி.யூ. முடிவு வரட்டுமே என்று தந்தை தயங்குகிறார். அதுவரை பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் கெட்டுப் போவானே என்று தாய் கவலைப்படுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் போன வாரமே கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஐந்நூறோ ஆயிரமோ வெள்ளி கைமாறிவிடுகிறது.

அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பம் செய்யப் போகும் மிகப் பெரிய செலவு இப்படி ஒரு வார இறுதியில் முடிவாகிவிடுகிறது. வீடு வாங்கும்போது பத்து பேரிடம் விசாரிக்கிறோம், பழைய கார் வாங்கும்போது மெக்கானிக்கை அழைத்துப் போகிறோம். கல்லூரி விஷயத்தில் மட்டும் கையேட்டை நம்பிவிடுகிறோம்.

அரசாங்கமா, தனியாரா? பெரியதா, சிறியதா? இந்தக் கேள்விகள் தவறானவை அல்ல. ஆனால் இவற்றை முதலில் கேட்பதுதான் சிக்கல். முதலில் கேட்க வேண்டியவை வேறு. சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? முழுச் செலவு எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு? படிப்பை முடிக்காமல் நின்றுவிட்டால் அந்தக் கடன் யார் தலையில் விழும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பெரியதா சிறியதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தனியார் கல்லூரி என்ற சொல்லுக்கு நம் மூத்த தலைமுறையினர் மனத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அரசாங்கத்தில் இடம் கிடைக்காதவர்கள் போகும் இடம், அல்லது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் போகும் இடம் என்பதே அது. அந்த எண்ணம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் காலத்தில் பட்டம் வழங்கும் உரிமை அரசாங்கப் பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. இட ஒதுக்கீட்டு முறையில் இடம் கிடைக்காத இந்திய, சீன மாணவர்கள் வெளிநாட்டுத் தேர்வுகளுக்குத் தனியார் கல்லூரிகளில் தயாரானார்கள். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை மருத்துவம் படிக்க இந்தியாவுக்கு அனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

1996-இல் தனியார் உயர்கல்விக் கூடங்கள் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதற்கு அடுத்த ஆண்டு ஆசிய நாணய நெருக்கடி வந்து வெள்ளியின் மதிப்பு சரிந்தபோது, பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்ப முடியாமல் போன பெற்றோர்களுக்காக 'மூன்று கூட்டல் பூஜ்யம்' என்ற திட்டம் வந்தது. மூன்று ஆண்டும் இங்கேயே படித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெறலாம். 1997-இல் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் நிதியும் தொடங்கப்பட்டது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் 2002-இல் ஒதுக்கீட்டு முறைக்குப் பதிலாகத் தகுதி முறை அறிவிக்கப்பட்டது. கடன் வசதி வந்த பிறகு தனியார் கல்லூரி என்பது பணக்காரர்களின் இடமாக மட்டும் இருக்கவில்லை. அதுதான் நன்மையும், அதுதான் ஆபத்தும்.

யாருடைய சான்றிதழ்?

தனியார் உயர்கல்விக் கூடங்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பது பல பெற்றோர்களுக்குத் தெரியாத செய்தி. பல்கலைக்கழகம், பல்கலைக்கழகக் கல்லூரி, கல்லூரி என்று மூன்று படிகள் உண்டு. முதல் இரண்டும் தங்கள் பெயரில் பட்டம் வழங்கலாம். 'கல்லூரி' என்ற தகுதி மட்டும் உள்ள இடம் தன் பெயரில் டிப்ளோமா வரைதான் வழங்க முடியும். அங்கே பட்டப்படிப்பு நடக்கிறது என்றால் அது வேறொரு பல்கலைக்கழகத்தின் பட்டம். ஆகவே, கடை வீட்டு மாடியில் இயங்கும் ஒரு சிறிய கல்லூரி "எங்களிடம் டிகிரி இருக்கிறது" என்றால், "யாருடைய டிகிரி?" என்று கேட்பதில் தவறில்லை. நேர்மையான கல்லூரி உடனே பதில் சொல்லும்.

இன்னொன்று. அங்கீகாரம் என்பது கட்டடத்துக்குத் தரப்படுவது அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே தரப்படுவது. எம்.கியூ.ஏ. எனப்படும் தகுதி அங்கீகார நிறுவனம் 2007-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அந்த வேலையை லான் வாரியம் செய்துவந்தது. எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு கல்லூரியின் கணக்கியல் டிப்ளோமா அங்கீகாரம் பெற்றிருக்கும், அதே கல்லூரியின் வேறொரு டிப்ளோமா தற்காலிக அங்கீகாரத்தில் மட்டும் இருக்கும். தலைநகர வளாகத்துக்கு உள்ள அங்கீகாரம் வேறு ஊரில் உள்ள கிளைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கையேட்டில் பெரிய எழுத்தில் "அங்கீகரிக்கப்பட்டது" என்று போட்டிருப்பதைப் பார்த்து மனநிறைவு அடைவதைவிட, படிப்பின் பெயரையும் வளாகத்தின் பெயரையும் அந்தப் பதிவேட்டில் தட்டிப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலை.

தொழிற்படிப்புகளுக்கு இதுவும் போதாது. மருத்துவத்துக்கு மருத்துவ மன்றம், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம், தாதியர் படிப்புக்குத் தாதியர் வாரியம் எனத் தனி அங்கீகாரங்கள் உண்டு. சட்டம் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற சில அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டதாரிகள் நேராக வழக்கறிஞர் பயிற்சிக்குப் போகலாம். தனியாரிடம் வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றவர்கள் சி.எல்.பி. என்ற கடினமான தேர்வைத் தாண்ட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைச் சேர்ந்த பிறகுதான் அறிந்துகொள்ளும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தாதியர் டிப்ளோமாவின் கதையை நம் சமூகம் மறந்துவிடக் கூடாது. 2000-ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் தனியார் தாதியர் கல்லூரிகள் புற்றீசல்போல் கிளம்பின. எஸ்.பி.எம்.மில் மூன்று பாடங்களில் கிரடிட் இருந்தால் போதும், கடன் கிடைக்கும், வேலை நிச்சயம் என்றார்கள். தோட்டப்புறங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் நம் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் வேலைக்கு அலைந்தார்கள். அரசாங்கம் நுழைவுத் தகுதியை ஐந்து கிரடிட்டாக உயர்த்தியது. கையில் டிப்ளோமா, தலையில் பல்லாயிரம் வெள்ளி கடன், வேலையோ பேரங்காடிக் கல்லாவில் என்று முடிந்தவர்கள் எத்தனையோ பேர். பிறகு காலம் திரும்பியது. 2023-இல் நாடு தாதியர் பற்றாக்குறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. தாதியர் படிப்பு தவறு என்பதல்ல இதன் பொருள். "வேலை நிச்சயம்" என்று கல்லூரி சொல்வதைக் கல்லூரியிடம் மட்டும் கேட்டு நம்பக் கூடாது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் தாதி ஒருவரிடமும் கேட்க வேண்டும்.

சிறிய கல்லூரிக்கு இன்னொரு அபாயமும் உண்டு. அது மூடப்படலாம். 2014-இல் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரி மூடப்பட்டபோது மாணவர்கள் படிப்பின் நடுவில் வேறு இடங்களுக்கு மாற வேண்டியதாயிற்று. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரம் குறைகள் இருக்கலாம், ஆனால் பாதியில் கதவைச் சாத்திவிட்டுப் போகாது.

பெரிய இடத்தில் பிள்ளை தொலைந்து போகுமா?

அப்படியானால் அரசாங்கப் பல்கலைக்கழகம்தான் சிறந்ததா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால், நம் பிள்ளைகளுக்கு எஞ்சியவைதான். கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. நூலகம், ஆய்வுக்கூடம், தங்கும் விடுதி, விளையாட்டரங்கம் எல்லாம் உண்டு. பல இன மாணவர்களோடு பழகி, மலாய் மொழியில் தயங்காமல் பேசக் கற்றுக்கொள்வதும் வேலைச் சந்தையில் சிறிய இலாபம் அல்ல.

ஆனால் யாரும் கையைப் பிடித்து நடத்த மாட்டார்கள். முதல் ஆண்டு விரிவுரைக்கு இருநூறு, முந்நூறு பேர் அமரும் மண்டபம். பிள்ளை வந்தானா, வரவில்லையா, புரிந்ததா என்று விரிவுரையாளருக்குத் தெரியாது. டியூஷன் ஆசிரியர் எழுதிக் கொடுத்த குறிப்பைப் படித்தே பழகிய மாணவர்கள் முதல் பருவத்திலேயே தடுமாறுகிறார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் கேள்வி கேட்காமலே மூன்று ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். இருபத்தைந்து பேர் வகுப்பில், பெயர் சொல்லிக் கூப்பிடும் விரிவுரையாளரிடம் இதே பிள்ளைகள் மலர்வதும் உண்டு. நல்ல சிறிய கல்லூரி ஒன்றின் உண்மையான பலம் இதுதான். நீச்சல் குளமும் மடிக்கணினியும் அல்ல.

இந்த பலம் எல்லாச் சிறிய கல்லூரிகளிலும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முழுநேர விரிவுரையாளர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் மணிக்கணக்கில் வந்து போகிறவர்கள், பருவத்துக்கு ஒரு முறை முகம் மாறுகிறது என்றால் சிறிய வகுப்பால் என்ன பயன்?

பெரிய பல்கலைக்கழகத்தின் இன்னொரு சிக்கல், கேட்டது கிடைக்காமல் போவது. யூ.பி.யூ. கணக்கில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் தரப்படுகின்றன. அந்தப் பத்தில் கோட்டைவிடும் நம் மாணவர்கள் பலர். எஸ்.டி.பி.எம்.மில் 4.0 பெற்றும் கேட்ட துறை கிடைக்காத மாணவர்கள் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. அதே வேளையில் சில ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் 'திறந்த வழி' என்ற பெயரில் கூடுதல் கட்டணம் கட்டிச் சேரும் வாய்ப்பும் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றாலே கட்டணம் குறைவு என்று இனி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எந்த வழியில் சேர்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேட்டது கிடைக்காவிட்டால் முறையீடு செய்யலாம். கிடைத்த துறை பிள்ளையின் இயல்புக்கு அறவே ஒவ்வாதது என்றால், நல்ல தனியார் கல்லூரியில் விரும்பிய துறையைப் படிப்பது விவேகமான முடிவாகவே இருக்கும். ஆனால் "கேட்ட இடம் கிடைக்கவில்லை" என்பதற்கும் "கேட்ட ஊர் கிடைக்கவில்லை" என்பதற்கும் வேறுபாடு உண்டு. சிந்தோக்கில் இடம் கிடைத்தால் தூரம், சபாவில் கிடைத்தால் கடல் தாண்ட வேண்டும், பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று மறுத்துவிட்டு, கிள்ளானிலோ சிரம்பானிலோ அறுபதாயிரம் வெள்ளி செலவில் படிக்க வைக்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். பெற்ற வயிற்றின் பயம் புரியாததல்ல. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு, மூன்று விமானப் பயணச் சீட்டுகளின் விலையையும் அறுபதாயிரத்தையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கலாமே. முதலாண்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே விடுதி தரப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாளில் எழுத வேண்டிய கணக்கு

மாதம் 3,500 வெள்ளி வருமானமுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் மூன்றாண்டு டிப்ளோமாவுக்குத் தனியார் கல்லூரியில் சேர்கிறான். மொத்தக் கட்டணம் 36,000 வெள்ளி, அதாவது ஆண்டுக்கு 12,000. பி.டி.பி.டி.என். கடன் ஆண்டுக்கு 6,800 வெள்ளி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லூரிக்காரர் "கடன் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சொன்ன பிறகும் ஆண்டுக்கு 5,200 வெள்ளி கைக்காசு போட வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, பேருந்துக்கு மாதம் 700 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 8,400. ஆகமொத்தம் வீட்டிலிருந்து ஆண்டுக்கு 13,600, மாதக் கணக்கில் 1,130 வெள்ளிக்கு மேல். குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மூன்று ஆண்டு முடியும்போது மகன் பெயரில் 20,400 வெள்ளி கடன், அதற்கு மேல் ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம். அத்தனைக்கும் பிறகு கையில் இருப்பது டிப்ளோமா. பட்டப்படிப்பு இனிமேல்தான்.

இந்த 1,130 வெள்ளி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. தந்தையின் கூடுதல் நேர வேலையிலிருந்து, தாயின் கூட்டுப் பணத்திலிருந்து, தம்பி தங்கையின் டியூஷன் பணத்திலிருந்து வருகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளைகளின் கல்விக்குப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. 55 வயதுக்குப் பிறகு அந்தப் பணம் திரும்பி வராது என்பதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். மூன்றாம் பருவத்தில் பணம் முடியாமல் பிள்ளை நின்றுவிட்டால் டிப்ளோமா கிடைக்காது, ஆனால் அதுவரை வாங்கிய கடன் நிற்கும். முதல் வகுப்பில் பட்டம் பெறுவோருக்குப் பி.டி.பி.டி.என். திரும்பச் செலுத்துவதிலிருந்து விலக்கு அளித்து வருகிறது என்பது உண்மைதான். அது இளங்கலைப் பட்டத்துக்கு உரியது என்பதைக் கல்லூரிக்காரர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இதே மாணவனுக்கு வேறு வழிகள் இருந்தனவா? ஆறாம் படிவத்தை நம்மவர்கள் ஏனோ தண்டனைபோல் பார்க்கிறார்கள். "இன்னும் சீருடையா?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றரை ஆண்டில் முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே தேர்வில் எழுதித் தலைவிதியை நிர்ணயித்துக்கொண்ட பழைய எச்.எஸ்.சி. காலம் போய்விட்டது. செலவு என்று பார்த்தால் வீட்டுச் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், சில நூறு வெள்ளி. வெளிநாட்டிலும் மதிக்கப்படும் சான்றிதழ் அது. மெட்ரிகுலேஷன் ஓராண்டுதான். அதில் பூமிபுத்ரா அல்லாதார் இடங்கள் நீண்ட காலமாகப் பத்து விழுக்காடாக இருந்துவந்தாலும், 2024-இல் எஸ்.பி.எம்.மில் 10ஏ பெற்ற மாணவர்களுக்கு இனப் பாகுபாடின்றி இடம் தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969 முதல் இயங்கி வருகிறது. பருவக் கட்டணம் 200 வெள்ளி. மேலே பார்த்த தனியார் கணக்கோடு இதை ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

அரசாங்கத்துக்கும் இலாப நோக்குத் தனியாருக்கும் நடுவில் நிற்கும் கூடங்களும் உண்டு. சமூகம் எழுப்பியவை அவை. சீன சமூகத்தின் முயற்சியில் 1969-இல் துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரியும் 2002-இல் அதே பெயரில் யூத்தார் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டன. கெடாவில் ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. அறவாரியம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நிறுவியது. இவற்றின் கட்டணங்களையும் உதவிநிதிகளையும் விசாரிக்காமல் நேராக விளம்பரத்தில் கண்ட கல்லூரிக்குப் போவது சரியல்ல.

நேரில் போய்ப் பார்ப்பது என்றால்

திறந்த நாள் அன்று போகக் கூடாது. அன்று எல்லாக் கல்லூரியும் கல்யாண வீடுபோல்தான் இருக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் உண்மை தெரியும். வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறாரா, நூலகத்தில் புத்தகம் இருக்கிறதா, பழுதான கணினிகள் எத்தனை என்று பார்க்கலாம். வரவேற்பறையில் பேசுவதைவிடச் சிற்றுண்டிச் சாலையில் இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேரோடு பேசுவது பயனுள்ளது. "உங்கள் வகுப்பில் முதல் பருவத்தில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்?" என்ற ஒரே கேள்வி போதும். நாற்பதில் தொடங்கி பதினைந்தில் நின்றால், மற்ற இருபத்தைந்து பேர் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் இப்படிப் போகலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாசல் யாருக்கும் மூடப்பட்டதல்ல. பிள்ளை அந்த மரத்தடிகளில் அரை நாள் நடந்துவிட்டு வந்தால், ஆறாம் படிவச் சீருடை அவ்வளவு கசப்பாக இருக்காது.

அவசரப்படுத்தும் கல்லூரிக்காரருக்கு என்ன பதில் சொல்வது? யூ.பி.யூ. முடிவும் முறையீட்டு முடிவும் வரும்வரை காத்திருக்க முடியாத நிலை சில குடும்பங்களுக்கு இருக்கலாம். அப்படியானால் பணத்தைக் கட்டும் முன்பே, அரசாங்க இடம் கிடைத்தால் எந்தெந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளுக்குள், எது கிடைக்காது என்று கேட்டு, அதைக் கல்லூரியின் முத்திரையோடு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இலவசமாகத் தரப்படும் மடிக்கணினியை ஏற்றுக்கொண்டு விலகினால் அதன் விலையைக் கேட்பார்களா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குவது நல்லது. எழுதித் தர மறுக்கும் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிந்துகொள்ள எந்த அவசரமும் இல்லை.